வீட்டில் கட்டும் விமானமும் உப்புத்தாளும்

ஒரு விமானத்தை வீட்டு கராஜில் வைத்துக் கட்டிவிட முடியும் என்று சொன்னால் கேட்பவர் முதலில் சிரிப்பார். அப்புறம், "எஞ்சினுக்கு எங்கே போவாங்க?" என்பார். "இறக்கை பிய்ஞ்சு விழாதா?" என்பது மூன்றாவது கேள்வி. ஆனால் உண்மையிலேயே கட்டி முடித்தவர்களிடம் எது கஷ்டம் என்று கேட்டால் பெரும்பாலும் எஞ்சினையோ இறக்கையையோ சொல்ல மாட்டார்கள். உப்புத்தாளைச் சொல்வார்கள். ஆமாம், ஹார்டுவேர் கடையில் நம்பர் சொல்லி வாங்குகிறோமே, அதே உப்புத்தாள்தான்.

அமெரிக்காவில் இப்படி விமானம் கட்டுபவர்களிடம் ஒரு பழைய ஜோக் உண்டு. "வேலை தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது, இன்னும் தொண்ணூறு சதவீதம்தான் பாக்கி." அந்த இரண்டாவது தொண்ணூறில் பெரும்பங்கு பட்டி பார்ப்பது, தேய்ப்பது, மறுபடி பட்டி பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. இதைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. "அதெல்லாம் வெறும் அலங்காரம், பிரைமரோடு பறந்துவிட்டுப் போகலாம்" என்பது ஒன்று. "கண்ணாடி மாதிரி ஆகும்வரை தேய்க்காதவன் விமானமே கட்டவில்லை" என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. தேய்ப்பது அலங்காரமும் இல்லை, தவமும் இல்லை. அது விமானம் கட்டும் வேலையின் ஒரு பகுதி. இறக்கைக்குக் கணக்கு இருப்பது போலவே இதற்கும் கணக்கு இருக்கிறது. எவ்வளவு தேய்க்க வேண்டும் என்பதைவிட எங்கே நிறுத்த வேண்டும் என்பதே அந்தக் கணக்கின் முக்கியமான வரி.

கொஞ்சம் பழைய கதை

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் 1953ல் பால் போபெரெஸ்னி என்பவர் ஆரம்பித்த சங்கம்தான் இ.ஏ.ஏ. சொந்தமாக விமானம் கட்டுபவர்களுக்கான சங்கம். வேலையின் பெரும்பகுதியை, படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ, கட்டுபவரே செய்திருந்தால் அந்த விமானத்துக்குத் தனி வகையில் அனுமதி தருவது அந்த நாட்டுச் சட்டம். பேச்சு வழக்கில் இதை 51 சதவீத விதி என்பார்கள். மரம், துணி, இரும்புக் குழாய், அலுமினியத் தகடு என்றுதான் ஆரம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் இருந்த பர்ட் ரூட்டான் இதை மாற்றினார். அவருடைய வேரி-ஈஸி விமானம் 1975 மே மாதம் முதன்முதலில் பறந்தது. அதன் தம்பி லாங்-ஈஸி 1979ல் வந்தது. வால் இருக்க வேண்டிய வேலையை மூக்குப் பக்கம் ஒரு சின்ன இறக்கை (கேனார்ட்) செய்யும். எஞ்சின் பின்னால் இருந்து தள்ளும். வடிவம் விசித்திரமானதுதான். ஆனால் கட்டும் முறை அதைவிடப் புதுசு.

நம் ஊர் தெர்மாகோலின் நெருங்கிய சொந்தமான, அதைவிடக் கெட்டியான நுரைப்பலகையை எடுத்துக்கொள்வார்கள். இரண்டு முனையிலும் இறக்கையின் குறுக்கு வடிவத்தை அட்டையாக ஒட்டி, அந்த விளிம்போடு ஒரு சூடான கம்பியை இழுப்பார்கள். வெண்ணெயில் கத்தி போவதுபோல் கம்பி போகும். இறக்கை வடிவம் வந்துவிடும். அதன்மேல் கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி எபாக்சி பிசின் ஊற்றித் தேய்த்தால், இறுகியபின் அதுதான் இறக்கை. அச்சு வேண்டாம், பெரிய மெஷின் வேண்டாம். வரைபடத்தை வாங்கிக்கொண்டு போய் நூற்றுக்கணக்கானவர்கள் கட்டினார்கள். ரூட்டான் 1985ல் வரைபடம் விற்பதை நிறுத்திக்கொண்டார். ஆனாலும் அந்த வழிமுறை நிற்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, இந்தக் கண்ணாடி இழை விஷயத்தில் மாணவர்களுக்கும் ஒரு பெருமை உண்டு. உலகத்தின் முதல் கண்ணாடி இழை கிளைடரான ஃபீனிக்ஸ், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழக மாணவர் பறத்தல் குழுவில் உருவானதுதான். ஹெர்மன் நேகெலே, ரிச்சர்ட் எப்ளர் இருவரும் வடிவமைத்தார்கள். 1957 நவம்பரில் பறந்தது. மரத்திலும் துணியிலும் கிடைக்காத வழவழப்பான மேற்பரப்பு வேண்டும் என்பதே கண்ணாடி இழைக்குப் போனதற்கு ஒரு பெரிய காரணம். ஆக, வழவழப்பு என்பது பின்னால் ஒட்டிக்கொண்ட ஆசை இல்லை. இந்தத் தொழில்நுட்பம் பிறந்ததிலேயே அது இருக்கிறது.

கடனும் வட்டியும்

தொழிற்சாலையில் ஃபைபர் கிளாஸ் சாமான் செய்யும்போது பளபளப்பாகத் தேய்த்த அச்சுக்குள் துணியைப் போட்டுப் பிசின் பூசுவார்கள். வெளியே எடுத்தால் வெளிப்பக்கம் அச்சைப் போலவே பளபளக்கும். தேய்க்கும் வேலையை அச்சு செய்தபோதே முடித்துவிட்டார்கள். ஒரு அச்சில் நூறு இறக்கை எடுக்கலாம் என்பதால் அது கட்டுபடியாகிறது.

வீட்டில் ஒரே ஒரு விமானம் கட்டுபவருக்கு அச்சு செய்வது வீண்செலவு. ரூட்டான் முறையில் அச்சே கிடையாது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. வெளிப்பக்கம் தெரிவது கடைசித் துணியின் நெசவு. ஒரு துணி முடிந்து இன்னொன்று மேலேறும் இடத்தில் சின்னப் படி. நுரை கொஞ்சம் உள்வாங்கிய இடத்தில் பள்ளம். அச்சில் மிச்சப்படுத்திய உழைப்பை உப்புத்தாளில் திருப்பிக் கட்ட வேண்டும், அதுவும் வட்டியோடு. கட்டத் தொடங்கும்போதே இது தெரிந்திருந்தால் மனசு உடையாது. தெரியாமல் ஆரம்பித்தவர்கள்தான் முக்கால் விமானத்தைக் கராஜில் போர்த்தி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறார்கள்.

வேலையின் வரிசை கேட்பதற்கு எளிமையானது. முதலில் இறுகிய எபாக்சியின் பளபளப்பு மங்கும்வரை லேசாகத் தேய்க்க வேண்டும். பளபளப்பு இருந்தால் மேலே எதுவும் பிடிக்காது, பிற்பாடு உரிந்து வரும். அப்புறம் பட்டி. இந்தப் பட்டி கார் ஒர்க்‌ஷாப் பட்டி இல்லை. கண்ணால் பார்த்தால் வெள்ளை மாவு போல இருக்கும், ஆனால் ஒவ்வொரு மணியும் உள்ளே காற்றடைத்த கண்ணாடிக் குமிழ். அந்த மாவை எபாக்சியில் கொட்டி, சப்பாத்தி மாவுக்குக் கொஞ்சம் இளக்கமான பதத்தில் பிசைந்து இறக்கை முழுக்கத் தடவுவார்கள். இறுகியதும் நீளமான கட்டையில் 36 அல்லது 40 நம்பர் உப்புத்தாளை ஒட்டிக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்ப்பார்கள். கையால் பிடித்துத் தேய்த்தால் பள்ளத்துக்குள்ளும் விரல் போய்ப் பள்ளத்தை இன்னும் ஆழமாக்கும். நீளக் கட்டைதான் மேட்டை மட்டும் தொடும். கொத்தனார் மட்டப்பலகை போட்டுப் பூச்சை இழுப்பதும் இதே தத்துவம்தான்.

மட்டம் வந்தபின் பிரைமர். அதன்மேல் லேசாகக் கறுப்பு தூவித் தேய்த்தால் பள்ளங்களில் மட்டும் கறுப்பு மிஞ்சி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத குழியைக் காட்டிக்கொடுக்கும் எளிய தந்திரம். பிறகு 220, 320, 400 என்று நம்பர் ஏற ஏற மேற்பரப்பு மென்மையாகும். கடைசியில் பெயிண்ட்.

காற்று என்ன கேட்கிறது?

"இவ்வளவும் எதற்கு?" என்பது நியாயமான கேள்விதான். பதிலைக் குழாயடியில் பார்க்கலாம். குழாயை லேசாகத் திறந்தால் தண்ணீர் கண்ணாடிக் கம்பி போல அசையாமல் விழும். இன்னும் திறந்தால் கலைந்து குமுறிக்கொண்டு விழும். இறக்கையின்மேல் ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலமும் அப்படித்தான். முன்விளிம்பில் சீராகக் கிளம்பும், கொஞ்ச தூரம் போனபின் கலையும். சீராக ஓடும் இடத்தில் உராய்வு குறைவு, கலைந்த இடத்தில் அதிகம். சீரான ஓட்டத்தை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போக முடிகிறதோ அவ்வளவு லாபம். அதே எஞ்சின், அதே பெட்ரோல், கூடுதல் வேகம்.

முன்விளிம்பில் ஒரு பூச்சி அடித்து ஒட்டிக்கொண்டால் போதும், அதன் பின்னால் ஆப்பு வடிவத்தில் காற்று கலைந்துவிடும். கிளைடர்காரர்கள் பறக்கும்போதே இறக்கையைத் துடைக்கத் தனிக் கருவி வைத்திருப்பது இதற்காகத்தான். 1980களில் அமெரிக்காவின் நாசா, வேரி-ஈஸியையும் லாங்-ஈஸியையும் வைத்தே இந்தச் சீரான ஓட்டத்தைச் சோதித்துப் பார்த்தது. வீட்டில் கட்டிய வகை விமானங்களின் மேற்பரப்பு அந்த ஆராய்ச்சிக்கு ஏற்றதாக இருந்தது என்பதே உப்புத்தாள் பிடித்த கைகளுக்கு ஒரு சர்டிபிகேட்.

ஆனால் இதே கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆரம்பகால வேரி-ஈஸி, லாங்-ஈஸி விமானங்களின் கேனார்ட் சீரான ஓட்டத்தை ரொம்பவே நம்பியிருந்தது. மழையில் போனால் துளிகள் முன்விளிம்பில் முத்து முத்தாக நின்று காற்றைக் கலைத்துவிடும். கேனார்ட் தூக்கும் சக்தியை இழக்கும். விமானி குச்சியைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, ஓடுபாதையில் கிளம்பும் தூரமும் கூடியது. பிறகு ஜான் ரான்ஸ் என்பவர் மழையிலும் பெரிதாகப் பாதிக்கப்படாத புது வடிவம் ஒன்றைக் கொடுத்தார். பலர் பழைய கேனார்டைக் கழற்றிவிட்டுப் புதியதைக் கட்டிப் பொருத்தினார்கள்.

இதில் உள்ள பாடம் பெரியது. வழவழப்பு லாபம் தரலாம், உயிரைக் காக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது. பூச்சி அடிக்கும், மழை பெய்யும், பெயிண்ட் கீறும். அப்போதும் விமானம் ஒழுங்காகப் பறந்தாக வேண்டும். வடிவத்தில் உள்ள குறையை உப்புத்தாளால் தீர்க்க முடியாது.

இன்னொரு பாடமும் இருக்கிறது. காற்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கேட்பதில்லை. இறக்கை, கேனார்ட் இரண்டின் முன்பகுதியில்தான் அது கறாராகப் பார்க்கிறது. ஏற்கனவே கலைந்துவிட்ட பின்பகுதியிலும் உடம்பின் அடிவயிற்றிலும் அதற்கு அவ்வளவு அக்கறை இல்லை. அப்படியிருக்க, அடிவயிற்றை ஒரு மாதம் தேய்ப்பவர் காற்றுக்காகத் தேய்க்கவில்லை. பார்ப்பவருக்காகத் தேய்க்கிறார். அதில் தப்பில்லை, அவர் விமானம் அவர் இஷ்டம். ஆனால் அதை வேகத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

பட்டிக்கும் எடை உண்டு

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டி போட்டால் அது சரியாக ஒரு லிட்டர். விமானத்தின் வெளிப்பரப்பு 30 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 30 லிட்டர். குமிழ் மாவு லேசானது என்பதால் லிட்டருக்கு அரைக் கிலோ என்றே போட்டாலும் 15 கிலோ. லாங்-ஈஸியின் வெற்று எடையே சுமார் 320 கிலோதான். அதில் 15 கிலோ என்பது கிட்டத்தட்ட ஐந்து சதவீதம். விமானம் ஆயுசு முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டிய மூட்டை அது.

அதனால்தான் தெரிந்தவர்கள் தடவியதில் பெரும்பகுதியைத் தேய்த்துத் தூசியாகத் தரையில் கொட்டிவிடுவார்கள். நல்ல பூச்சு என்பது பள்ளத்தில் மட்டும் மிஞ்சி, மேட்டில் ஒன்றுமே இல்லாமல் இருப்பது. இன்னும் தெரிந்தவர்கள் துணி போர்த்தும்போதே கவனமாகப் போர்த்தி, பட்டிக்கே வேலை வைக்காமல் பார்த்துக்கொள்வார்கள். தேய்ப்பதில் சிறந்த சிக்கனம் தேய்ப்பதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது.

எடை எங்கே ஏறுகிறது என்பதும் முக்கியம். இந்த வகை விமானத்தில் பெரிய இறக்கை பின்னால் இருக்கிறது. அதன்மேல் ஏறும் பட்டியும் பெயிண்டும் எடை மையத்தைப் பின்னால் இழுக்கும். பெயிண்ட் அடித்தபின் மறுபடி எடை போட்டுப் பார்க்காதவர் பழைய கணக்கை வைத்துக்கொண்டு புது விமானத்தை ஓட்டுகிறார் என்று அர்த்தம். அதைவிட ஆபத்து, திருப்புவதற்காக ஆடும் சின்னப் பலகைகளில் இருக்கிறது. கீலுக்குப் பின்னால் பெயிண்ட் எடை கூடினால் சமநிலை கெடும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அந்தப் பலகை கொடி போலப் படபடக்க ஆரம்பித்தால் நொடிகளில் பிய்ந்துவிடும். இதற்கு ஃப்ளட்டர் என்று பெயர். அழகுக்காகக் கூட்டிய இன்னொரு கோட் பெயிண்ட், எதிர்எடையைச் சரிபார்க்காவிட்டால் ஆளையே கொல்லக்கூடும். இதற்குமேலும் பெயிண்டை வெறும் அலங்காரம் என்று எப்படிச் சொல்வது?

மேட்டை வெட்டாதே, பள்ளத்தை நிரப்பு

தச்சரிடம் மேடு பள்ளமான பலகையைக் கொடுத்தால் இழைப்புளியை எடுத்து மேட்டைச் சீவுவார். அதுதான் இயல்பு. கண்ணாடி இழை விமானத்தில் அந்த இயல்பே எதிரி. இங்கே மேலே தெரியும் துணிதான் எலும்பு. ஒரு அடுக்குத் துணியின் கனம் சுமார் கால் மில்லிமீட்டர். 36 நம்பர் உப்புத்தாளில் இருக்கும் ஒரு மணியின் அளவே சுமார் அரை மில்லிமீட்டர். அதாவது தாளில் உள்ள கல், துணியைவிடப் பெரிசு. மேடு தெரிகிறதே என்று இரண்டு அழுத்து அழுத்தினால் இறக்கையின் பலத்தில் ஒரு பங்கு தூசியாகப் போய்விடும். அப்புறம் அதன்மேல் பட்டியும் பெயிண்டும் ஏறியபின் எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது.

பயமுறுத்துவது இதுதான். மோசமாகத் தேய்த்த இறக்கை மோசமாகத் தெரிவதில்லை. சொல்லப்போனால் துணியை அறுத்துத் தேய்த்தவரின் இறக்கைதான் மட்டமாக, அழகாக, பரிசு வாங்குகிற மாதிரி இருக்கும். மேட்டை விட்டுவிட்டவரின் இறக்கையில் வெயில் சாயும்போது லேசான அலை தெரியும். எந்த இறக்கையை நம்பி ஏறுவது?

ஆகவே வரிசை மாறாது. மேட்டைத் தொடக்கூடாது. சுற்றியுள்ள பள்ளத்தை நிரப்பி, மேட்டின் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். பட்டித் தூசிக்கு நடுவே நெசவுக் கட்டம் தலைகாட்டினால் கை அங்கேயே நிற்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எந்தக் கருவியும் தேவையில்லை. நிறுத்தும் மனசு வேண்டும். களைத்துப்போன ராத்திரியில், "இன்னும் ஒரே ஒரு இழுப்பு" என்று கை கெஞ்சும்போது அந்த மனசு வருவது கஷ்டம்.

இதனால்தான் இந்த வேலையைத் தெரியாத ஆளிடம் தூக்கிக் கொடுப்பது சரியில்லை. சட்டப்படி பார்த்தால் பெயிண்ட் அடிப்பது அந்த 51 சதவீதக் கணக்கில் சேராது, காசு கொடுத்து வெளியே அடித்துக்கொள்ளலாம். அடித்துக்கொள்ளட்டும். ஆனால் கார் தகரத்தில் பழகிய கை, மேட்டைக் கண்டால் அறுக்கும். பழைய பெயிண்டை எடுக்க வேண்டுமென்றால் பெயிண்ட் கரைக்கும் திரவத்தை ஊற்றும். அந்தத் திரவம் எபாக்சியையும் கெடுக்கும், உள்ளே இருக்கும் நுரையையும் தின்றுவிடும். கடைசிப் பூச்சை வேறு யாரும் அடிக்கலாம். துணிக்கும் பிரைமருக்கும் நடுவில் நடக்கும் வேலையை மட்டும், எந்த இடத்தில் எத்தனை அடுக்கு போட்டோம் என்று தெரிந்தவரே செய்ய வேண்டும்.

வெள்ளை ஏன்?

இந்த விமானங்களின் படங்களைப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே வெள்ளையாக இருக்கும். ஃபேஷன் இல்லை. அறை வெப்பத்தில் இறுகும் எபாக்சி சூடு ஏறினால் இளக ஆரம்பிக்கும், உள்ளே இருக்கும் நுரையும் அப்படித்தான். நல்ல வெயிலில் நிற்கும் கறுப்பு மேற்பரப்பு 80 டிகிரியைத் தாண்டக்கூடும். வெள்ளை அதைவிட எவ்வளவோ குளிர்ச்சியாக இருக்கும். சிவப்பும் நீலமுமாக இறக்கை முழுக்கக் கோலம் போட ஆசைப்படுபவர் இந்த வெயிலை யோசிக்க வேண்டும். தவிர, சூரியனின் புற ஊதாக் கதிர் எபாக்சியை மெல்ல மெல்லக் கெடுக்கும். அதைத் தடுக்க வெள்ளைக்கு அடியில் கரி கலந்த கறுப்புப் பூச்சு ஒன்று அடிப்பார்கள். ஆக, பெயிண்ட் என்பது தோல். உள்ளே இருப்பதை வெயிலிலிருந்து காக்கும் தோல்.

"பெயிண்டே வேண்டாம்" கட்சிக்கு இதுதான் பதில். ஆனால் அவர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. புதிதாகக் கட்டிய விமானத்துக்கு அமெரிக்காவில் வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரச் சோதனைப் பறத்தல் உண்டு. அதில் எதையாவது வெட்ட வேண்டிவரும், எதையாவது நகர்த்த வேண்டிவரும். அதற்கு முன்பே பளபளவென்று பெயிண்ட் அடித்துவிட்டால், தப்பு தெரிந்தாலும் பெயிண்ட் போய்விடுமே என்று மனசு தயங்கும். பூச்சின் மேல் உள்ள ஆசை, பாதுகாப்புக்குத் தேவையான ஒரு திருத்தத்தைத் தடுக்கும் என்றால் அந்தப் பூச்சு சீக்கிரமாகவே வந்துவிட்டது. கதிரைத் தடுக்கும் பூச்சும் பிரைமருமாகச் சோதனையை முடித்துவிட்டு, கடைசிப் பெயிண்டை அப்புறம் அடித்து, எடையையும் சமநிலையையும் மறுபடி பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

தேய்ப்பவரின் உடம்பு

விமானத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஆளை மறந்துவிடுவோம். கண்ணாடித் தூசி நுரையீரலுக்கு ஆகாது. எபாக்சியில் கலக்கும் கடினப்படுத்தி சிலருக்கு ஒவ்வாமையைக் கொண்டுவரும். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் போகாது. அப்புறம் அந்த வாடை பட்டாலே தோல் தடித்துச் சிவக்கும், பாதி கட்டிய விமானத்தை விற்க வேண்டியதுதான். இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்டில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவையே உண்டாக்கக்கூடியது. சாதாரணத் துணி முகமூடி அதற்குப் போதாது. கையுறையும் நல்ல முகமூடியும் காற்றோட்டமும் இல்லாமல் ஆயிரம் மணி நேரம் தேய்த்தேன் என்று பெருமை பேசுவதில் வீரம் ஒன்றும் இல்லை. கராஜில் ஒருவர் தேய்த்தால் வீட்டுக்குள் இருப்பவர்களும் அந்தத் தூசியைத்தான் சுவாசிக்கிறார்கள்.

பளபளப்பு சொல்லாதவை

விஸ்கான்சினில் ஆஷ்கோஷ் நகரத்தில் 1970 முதல் நடந்துவரும் இ.ஏ.ஏ. திருவிழாவில் நல்ல வேலைப்பாட்டுக்கு லிண்டி என்ற பரிசு கொடுக்கிறார்கள். நல்ல வழக்கம்தான். கைவேலையை மதிக்க ஓர் இடம் வேண்டும். ஆனால் பார்வையாளர் கூட்டம் பார்ப்பது பெயிண்டை மட்டும்தான்.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் விழுந்து இறந்தது ஒரு லாங்-ஈஸியில். அது அவர் கட்டியதல்ல, வேறொருவர் கட்டியதை வாங்கியது. எரிபொருள் டாங்கை மாற்றும் வால்வு, வரைபடத்தில் இருந்த இடத்தில் இல்லாமல் விமானியின் தோளுக்குப் பின்னால் வைக்கப்பட்டிருந்தது. விபத்தை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அதை எட்டித் திருப்ப முயன்றபோது கட்டுப்பாடு போனது என்று முடிவு செய்தது. எரிபொருளைச் சரியாகத் திட்டமிடாததையும் அந்த விமானத்தில் பழக்கம் போதாததையும்கூடச் சொன்னது. அதோடு இன்னொன்றையும் குறித்தது. வால்வின் கைப்பிடியிலும் குறி இல்லை, எரிபொருள் அளவு காட்டும் கண்ணாடியிலும் குறி இல்லை.

ஒரு சின்ன லேபிள். எந்தப் பக்கம் திருப்பினால் எந்த டாங்க் என்று எழுதிய ஒரு துண்டு. அதுவும் "ஃபினிஷிங்"தானே? விமானத்தை முடிப்பது என்றால் வெளியே தேய்ப்பது மட்டும் இல்லை. யாரோ ஒருவர் நாளை இதில் உட்காருவார், அவருக்கு எல்லாம் தெரியும்படி விட்டுவிட்டுப் போவதும் முடிப்பதுதான். வெளிப்பக்கத்துக்குச் செலவழித்த நூறு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் இந்த மாதிரிச் சின்ன விஷயங்களுக்குப் போனால் அந்தத் தொண்ணூற்றொன்பதுக்கும் அர்த்தம் இருக்கும்.

இதற்கு நேர்மாறான படம் ஒன்றும் இருக்கிறது. ரூட்டான் வடிவமைத்த வாயேஜர் 1986 டிசம்பர் 14 அன்று கிளம்பி, நடுவில் எரிபொருள் நிரப்பாமல் ஒன்பது நாளில் உலகத்தைச் சுற்றி வந்தது. ஓட்டியவர்கள் டிக் ரூட்டானும் ஜீனா யேகரும். கிளம்பும்போதே எரிபொருள் பாரத்தில் இறக்கை நுனிகள் ஓடுபாதையில் உரசிக் கிழிந்துபோயின. கிழிந்த நுனியோடுதான் சுமார் 40,000 கிலோமீட்டரும் பறந்தார்கள். கலப்புப் பொருள் விமானங்களின் மிகப் பெரிய சாதனை, பரிசுக்கு நிறுத்தினால் முதல் சுற்றிலேயே தள்ளப்பட்டிருக்கும் இறக்கையோடு நடந்தது :-)

இந்தக் கதை நமக்கும் முழுக்க அந்நியம் இல்லை. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகமான என்.ஏ.எல்., 1980களில் லாங்-ஈஸியை அடிப்படையாகக் கொண்டு ஓர் ஆராய்ச்சி விமானத்தைக் கட்டிப் பறக்கவிட்டது. 1993ல் பறந்த ஹன்சாவுக்கு முன்னோடி அனுபவம் அது. ஒரு தனி மனிதர் கராஜுக்காக வரைந்த விமானத்திலிருந்து ஒரு தேசிய ஆய்வகம் பாடம் படித்திருக்கிறது. பொறியியல் படிப்பவர்கள் சாஃப்ட்வேரில் இறக்கையை வரைந்து, வண்ணம் தீட்டிய படத்தைப் பார்த்து முடிந்தது என்று நினைப்பது சுலபம். திரையில் எந்த இறக்கையும் வழவழப்பாகத்தான் இருக்கும். அதே இறக்கையைக் கையால் செய்து, உள்ளங்கையை மேலே ஓட்டிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத அலையை விரல் கண்டுபிடிக்கும்போதுதான் காற்று எதைப் பற்றிக் கவலைப்படுகிறது என்பது புரியும். கல்லூரிகளில் ஒரு மீட்டர் நீள இறக்கைத் துண்டையாவது ஒவ்வொருவரும் செய்து தேய்த்துப் பார்க்க வேண்டும் என்று வைத்தால், காற்றியல் பாடத்தில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

ஆக, உப்புத்தாளை வெறுப்பவரும் தேவையில்லை, கும்பிடுபவரும் தேவையில்லை. முன்விளிம்பில் கறாராக, அடிவயிற்றில் தாராளமாக, துணி தெரியும் இடத்தில் உடனே நிறுத்தி, பெயிண்டுக்குப் பின் மறுபடி எடை போட்டு, வால்வில் ஒரு லேபிளும் ஒட்டிவிட்டு ஓடுபாதைக்குத் தள்ளிக்கொண்டு போகிறவர்தான் விமானத்தை முடித்தவர். பக்கத்தில் நிற்கும் விமானம் அதைவிடப் பளபளப்பாக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.